கொல்லையில் தர்பூசணி, கிர்ணி: எந்தக் குறைக்கு எங்கே பார்ப்பது

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட மணல் கலந்த செம்மண் கொல்லை எங்களுடையது. மார்கழியில் விதை போட்டால் பங்குனிக்குள் வெட்டு முடிந்துவிடும். பசுமைக்குடில், நிழல்வலை எதுவும் கிடையாது. வெயில், பனி, காற்று, பூச்சி எல்லாம் கொடியின் மேல் நேராகத்தான் விழும். அதனால் வருடா வருடம் அதே ஏழெட்டுக் குறைகள் திரும்பத் திரும்ப வரும். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் வாடிய கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

பெரும்பாலும் அவர்கள் மருந்துக்கடைக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கடைக்குப் போகும் முன் காலை 7 மணிக்கு ஒரு மண்வெட்டி, ஒரு கத்தி, ஒரு சின்ன லென்ஸ் எடுத்துக்கொண்டு கொல்லையில் அரை மணி நேரம் நில்லுங்கள். பாதிக்கு மேற்பட்ட குறைகளுக்குக் காரணம் தண்ணீர், இல்லையென்றால் தேனீ. அதைச் சரி செய்யப் பணம் அதிகம் ஆகாது. கீழே ஒவ்வொரு குறைக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

விதை முளைக்கவில்லை

எட்டு நாள் ஆகியும் முளை வரவில்லை என்றால் குழியைக் கிளறி விதையை எடுத்துப் பாருங்கள்.

விதையே இல்லை என்றால் எறும்போ எலியோ அணிலோ கொண்டுபோயிருக்கும். மயில் இருக்கிற ஊரில் மயிலும் கிளறும். மறுபடி நேராக நிலத்தில் போடாமல் குழித்தட்டில் நாற்று விட்டு, 12 முதல் 15 நாளில் எடுத்து நடுங்கள்.

விதை இருக்கிறது, கெட்டியாக அப்படியே இருக்கிறது என்றால் குளிர்தான் காரணம். மார்கழிப் பனியில் மண் சில்லென்று கிடந்தால் இந்த விதைகள் எழுந்து வரத் தயங்கும். நாலைந்து நாள் பொறுங்கள். அடுத்த தடவை நாட்டு விதையாக இருந்தால் இரவு முழுதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குள் வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் போடுங்கள். சாயம் பூசி வருகிற வீரிய விதையை மட்டும் ஊறவைக்காதீர்கள், மருந்துப் பூச்சு கழுவிப் போய்விடும்.

விதை கூழாகிவிட்டது என்றால் தண்ணீர் அதிகம், அல்லது ஆழம் அதிகம். விரல் நுனி அளவு, அதாவது 2 செ.மீ. ஆழம் போதும்.

ஆழமும் ஈரமும் சரியாக இருந்தும் பாதிக்கு மேல் வரவில்லையா? மீதி விதையில் 20 எடுத்து ஈரத்துணியில் முடிந்து முளைக்க வையுங்கள். அதிலும் வரவில்லை என்றால் வட்டார விதை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயம் அது. பில், பாக்கெட், அதிலுள்ள குவியல் எண் (லாட் நம்பர்) மூன்றும் கையில் இருந்தால்தான் புகார் நிற்கும். எத்தனையோ பேர் பாக்கெட்டைக் கொல்லையிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இளஞ்செடியின் இலையில் ஓட்டை

சிவப்பு ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று சின்ன வண்டு தெரிகிறதா? அது பூசணி வண்டு. இரண்டு விதையிலை விரிந்ததுமே வந்துவிடும். விடியற்காலைப் பனியில் அது மந்தமாக இருக்கும், கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலை இலை மேல் தூவுவது எங்கள் அம்மா காலத்துப் பழக்கம், இன்றும் கேட்கிறது. செடி நாலைந்து இலை எடுத்துவிட்டால் இந்த வண்டால் பெரிய மோசம் இல்லை. இலையில் வெள்ளைப் பாம்பு நெளிந்த மாதிரி கோடு இருந்தால் அது இலைத் துளைப்பான் புழு. கோடு விழுந்த அடியிலைகளைக் கிள்ளி எரித்தால் போதும், அதற்காகப் பதற வேண்டாம்.

கொடி வாடுகிறது

அதிகமாகத் தப்புக் கணக்குப் போடுவது இதில்தான். முதல் கேள்வி: எப்போது வாடுகிறது?

*மதியம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது.* வெயிலுக்கு அது இயல்பு. வேருக்குப் பக்கத்தில் ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் தண்ணீர் விட வேண்டாம். இந்த இடத்தில் பயந்துபோய் இரண்டு மணி நேரம் மோட்டார் போடுகிறவர்கள்தான் வேரை அழுக வைக்கிறார்கள்.

*காலையிலும் வாடியே இருக்கிறது, ஒரு வரிசை முழுக்க.* சொட்டுநீர்க் குழாயைப் பாருங்கள். கடைசி முனையின் மூடியைக் கழற்றி விட்டால் சேறு, பாசி, உப்புத்தூள் எல்லாம் பிய்த்துக்கொண்டு வரும். நிலப்போர்வை (மண்ணை மூடும் பிளாஸ்டிக் தாள்) போட்டிருந்தால் அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. போர்வைக்குள் கையை விட்டு ஒவ்வொரு துளையும் சொட்டுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். எலி கடித்த குழாய் ஒரே இடத்தில் குளம் கட்டிவிட்டு மீதி வரிசையைக் காயப்போடும். முனை வரை அழுத்தமே வரவில்லை என்றால் வடிகட்டியைக் கழுவுங்கள். அதற்கும் சரிப்படவில்லை என்றால் சொட்டுநீர் போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

*காலையிலும் வாடியே இருக்கிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாக.* ஒரு செடியைத் தியாகம் செய்யுங்கள். இழுத்துப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள்.

வேர் பழுப்பாகி, உருவினால் தோல் கழன்று வந்து, நாற்றமடித்தால் தண்ணீர் தேங்கிய அழுகல். தண்ணீரைக் குறையுங்கள், வடிகால் வெட்டுங்கள். மிச்சமிருக்கிற செடிகளின் வேரடியில் தொழு உரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போடலாம்.

வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. இந்தப் போகத்துக்கு அதை ஒழிக்க முடியாது. செடியைத் தாங்க வைப்பதுதான் வேலை: சிறிது சிறிதாக அடிக்கடி தண்ணீர், வேப்பம் பிண்ணாக்கு. அடுத்த போகத்தில் அந்தக் கொல்லையில் துலுக்க சாமந்தி போடுங்கள். பூ வருமானமும் வரும், புழுவும் குறையும்.

வேர் நன்றாக இருக்கிறது என்றால் கத்தியை எடுங்கள். தரைக்குச் சற்று மேலே தண்டைச் சாய்வாக வெட்டுங்கள். உள்ளே பழுப்பு வளையமோ கோடோ தெரிந்தால் அது பியூசேரியம் வாடல் நோய். வாடிய செடிக்கு ஊற்றுகிற மருந்து வீண். பிடுங்கி எரித்துவிட்டு, அந்தத் துண்டு நிலத்தில் மூன்று நாலு வருடம் தர்பூசணி, கிர்ணி, வெள்ளரி எதுவும் போடாமல் நெல்லோ கம்போ எள்ளோ வையுங்கள். பூஞ்சை மண்ணிலேயே காத்துக் கிடக்கும். மூன்றாவது வருடமும் அதே இடத்தில் தர்பூசணி போட்டு நான் அரை ஏக்கர் இழந்திருக்கிறேன். கொடி கைநீளம் ஓடி, பிஞ்சு தேங்காய் அளவு வந்த பிறகு ஒரே வாரத்தில் படுத்தது.

தண்டின் அடியில் பிசின் மாதிரி சிவந்த துளி வடிந்து, அந்த இடம் வெடித்திருந்தால் அது தண்டுப் பிசின் கருகல் நோய். மழைத் தூறலும் மேகமூட்டமும் வந்த பிறகு வரும். இது பரவுவது வேகம் என்பதால் சொந்த வைத்தியம் வேண்டாம். வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ செடியைக் கொண்டுபோங்கள். போகும்போது இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். வேர், வேர் மண், தண்டு, இலை எல்லாம் சேர்ந்த முழுச் செடி, பாதி வாடியது ஒன்று, நன்றாக இருப்பது ஒன்று. செத்துக் காய்ந்த செடியைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. உடனே போக வழியில்லை என்றால் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணமில்லை.

நுனி சுருண்டு நிற்கிறது

கொடி தரையோடு ஓடாமல் நுனி மேலே தூக்கிக்கொண்டு நின்றால் வயிற்றைக் கலக்கும். ஆனால் உடனே வைரஸ் என்று முடிவு கட்டாதீர்கள்.

முதலில் களைக்கொல்லி. பக்கத்துக் கரும்புக்கோ நெல்லுக்கோ 2,4-டி அடித்தார்களா என்று கேளுங்கள். காற்றில் வந்த சாரல் போதும், இந்தக் கொடிகள் அதைத் தாங்கவே தாங்காது. இலை விசிறி மாதிரி மடிந்து, நரம்புகள் நெருங்கி வரும். காற்று வந்த பக்கத்து வரப்போரம் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். களைக்கொல்லி அடித்த அதே தெளிப்பானில் பூச்சி மருந்து கலந்து அடித்தாலும் இப்படித்தான் ஆகும். இதற்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. லேசாகப் பட்ட செடி தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்தால் பத்துப் பதினைந்து நாளில் புது நுனி விடும்.

அது இல்லை என்றால் நுனியை வெள்ளைத் தாள் மேல் தட்டுங்கள். நூல் துண்டு மாதிரி சின்னப் பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். நீல நிற ஒட்டும் அட்டைகள் கட்டுங்கள், வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் (100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு) சாயங்காலத்தில் அடியுங்கள்.

நுனி தூக்கி நிற்பதோடு மொட்டு கருகி, தண்டில் பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தால் அதுதான் மொட்டுக் கருகல் வைரஸ். பரப்புவது அந்த இலைப்பேனேதான். வந்த செடிக்கு மருந்து உலகத்திலேயே கிடையாது. யாராவது டப்பாவைக் காட்டி இருக்கிறது என்று சொன்னால் வாங்காதீர்கள். அன்றைக்கே பிடுங்கி, சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். நூற்றில் நாலைந்து செடி என்றால் பிடுங்கித் தப்பிக்கலாம். பூ வருமுன்பே கால்வாசிக்கு மேல் போய்விட்டால் கூலி, உரம் என்று இனிமேல் போடும் செலவு திரும்புமா என்று கணக்குப் பார்த்துவிட்டு, அலுவலரை அழைத்து ஒரு தடவை காட்டி முடிவெடுங்கள். அடுத்த வருடம் கொல்லையைச் சுற்றி மூன்று நாலு வரிசை மக்காச்சோளமோ சோளமோ முன்கூட்டியே விதைத்து வேலி எழுப்புங்கள்.

இலையில் மஞ்சள், வெள்ளை, கருகல்

மேலே மாவு தூவின மாதிரி வெள்ளையாக இருந்தால் சாம்பல் நோய். மேலே நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள், காலையில் இலையைத் திருப்பினால் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை என்றால் அடிச்சாம்பல் நோய். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, அதனால்தான் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். அடிச்சாம்பலுக்கு மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம் வழக்கம். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூளைத் தூவ வேண்டாம், இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலை அதில் பொசுங்கும்.

கிழட்டு இலைகளின் ஓரம் மட்டும் சுட்ட மாதிரி கருகினால் தண்ணீரில் உப்பு. மரக்காணம் உப்பளப் பக்கம், கடற்கரையோர ஆழ்துளைக் கிணறுகளில் இது சகஜம். நாக்கில் வைத்துத் தீர்மானிக்காமல் ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

பூ நிறைய, பிஞ்சு நிற்கவில்லை

"அண்ணே, கொல்லை முழுக்கப் பூ. ஒரு பிஞ்சு நிக்கல" என்று தை மாதம் யாராவது வந்து நிற்காத வருடம் இல்லை.

அவரிடம் நான் கேட்பது: பூவுக்குக் கீழே கோலி அளவு குட்டிக் காய் இருக்கிறதா? இல்லை என்றால் அவை எல்லாம் ஆண் பூ. முதலில் ஆண் பூதான் வரும், ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் பெண் பூ. உதிரட்டும், காத்திருங்கள்.

பெண் பூவே வராமல் கொடி மட்டும் கரும்பச்சையாகத் தழைத்து ஓடினால் யூரியா அதிகம். நிறுத்திவிட்டுத் தண்ணீரையும் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள். தர்பூசணிக்குப் பெண் பூவைக் கூட்ட எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி மருந்து உண்டு: 10 லிட்டருக்கு 2.5 மில்லி, விதைத்த 15ஆம் நாளிலிருந்து வாரம் ஒன்றாக நான்கு தடவை. ஆனால் அது முன்கூட்டிச் செய்ய வேண்டியது, பூத்த பிறகு அடித்துப் பயனில்லை.

பெண் பூ இருக்கிறது, குட்டிக் காய் மஞ்சளாகிக் கருகி விழுகிறது என்றால் மகரந்தம் சேரவில்லை. இங்கேதான் காலை 7 மணி வேலை. பெண் பூ ஒரே ஒரு காலைப்பொழுதுதான் உயிரோடு இருக்கும். 10 மணிக்கு மேல் வெயில் ஏறியதும் அதன் கதை முடிந்தது. வரப்பில் உட்கார்ந்து, கண்ணுக்கு எட்டுகிற பத்துப் பூக்களைப் பாருங்கள். கால் மணி நேரத்தில் தேனீ வந்து போகிறதா? ஒரு தேனீ ஒரு தடவை வந்தால் போதாது, ஒரே பூவுக்குப் பலமுறை வர வேண்டும்.

வரவில்லை என்றால் முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: காலையில் மருந்து அடிக்கிறீர்களா? பூக்கும் காலத்தில் காலைத் தெளிப்பு தேனீயைக் கொன்றுவிடும். பிஞ்சுக்குக் காவல் என்று நினைத்து அடிக்கிற மருந்தே பிஞ்சைத் தடுக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படுகிற விஷயம். தெளித்தே ஆக வேண்டும் என்றால் பூ மூடிய பிறகு சாயங்காலம் தெளியுங்கள். வரப்பிலுள்ள தும்பை, துளசியை வெட்டாமல் விடுங்கள்.

இன்னும் வரவில்லையா? கையால் சேருங்கள். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் உள்முடிச்சில் சுற்றிலும் மெதுவாகத் தடவ வேண்டும். 9 மணிக்குள் முடியுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இது போதும். ஏக்கர் கணக்கில் என்றால் தேனீப் பெட்டி வளர்க்கிறவரிடம் பேசி, பெண் பூ தொடங்கும் வாரத்தில் பெட்டி கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். விதையில்லா ரகம் போட்டவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அதன் மகரந்தம் வேலை செய்யாது. நடுநடுவே விதையுள்ள ரகம் இல்லாவிட்டால் எத்தனை தேனீ வந்தாலும் பிஞ்சு நிற்காது.

காய் கோணல், வெடிப்பு, அழுகல்

ஒரு பக்கம் மட்டும் சூம்பிக் கோணலாக இருந்தால் மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தது. அந்தக் காயைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள்.

கோணலான இடத்தில் ஊசி குத்தினாற்போல் புள்ளியும் பிசின் துளியும் இருந்தால் பழ ஈ. அறுத்தால் வெள்ளைப் புழு துள்ளும். விழுந்த காய்களை வரப்பில் எறிவதுதான் பெரிய தப்பு, புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகித் திரும்ப ஈயாக வரும். பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வேக விடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு ஈரக் கருவாடு வைத்த பொறிகளைத் தொங்கவிடலாம், கடையில் கியூலூர் பொறியும் கிடைக்கும். கியூலூர் ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும், அதனால் பூக்கும்போதே வைத்துவிட வேண்டும். காயில் புழு விழுந்த பிறகு வைத்தால் தாமதம்.

பூ இருந்த முனை கருத்து அமுங்கினால் சுண்ணாம்புச் சத்துப் பிசகு. பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும், காய விட்டு ஊற்றுவதால் செடியால் எடுக்க முடியாமல் போகிறது. தண்ணீரைச் சீராக்குங்கள். அப்புறமும் புதுக்காயில் வந்தால் சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட்.

காய் வெடிப்பதும் அதே தண்ணீர்க் குற்றம்தான். நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் நனைத்தால் தோல் தாங்காது. ஆனால் எங்கள் பக்கத்து வெள்ளரிப்பழம் பழுத்ததும் வெடிப்பது அதன் குணம், அதற்கு வைத்தியம் தேடாதீர்கள்.

மேல்பக்கம் வெளுத்துக் கொப்பளித்தால் வெயில் சூடு. வைக்கோலைப் போட்டு மூடுங்கள், அவ்வளவுதான்.

அறுத்தால் நடுவில் பிளவு இருந்தால் அது மகரந்தக் குறையாலோ தழைச்சத்து கூடி வேகமாகப் பருத்ததாலோ வருவது. 2025 கோடையில் சாய ஊசி போட்ட பழம் என்ற பேச்சு பரவி விலை தரையில் விழுந்தபோது, இந்த இயற்கையான பிளவைக் காட்டியே எத்தனை பேர் பழத்தை ஒதுக்கினார்கள்! சாப்பிட அது நல்ல பழம்தான்.

பழம் இனிக்கவில்லை

முதல் காரணம், அவசர வெட்டு. லாரி வருகிறது என்று நாலு நாள் முன்னால் அறுத்தால் தர்பூசணி வீட்டில் வைத்து இனிக்காது. கிர்ணி மெத்தென்றாகும், வாசம் வரும், இனிப்பு மட்டும் ஏறாது. காயின் காம்புக்குப் பக்கத்துப் பற்றுக்கம்பி காய்ந்திருக்க வேண்டும், தரையில் பட்ட இடம் வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு வந்திருக்க வேண்டும். கிர்ணி என்றால் காம்பைச் சுற்றி மெல்லிய விரிசல் விழும், லேசாகத் தொட்டால் கழன்று வரும்.

இரண்டாவது, வெட்டு வரை தண்ணீர். எடை ஏறும் என்று விடுகிறார்கள், எடையோடு சப்பையும் ஏறும். கடைசி ஒரு வாரம் கொடி வாடாத அளவுக்கு மட்டும் விடுங்கள்.

மூன்றாவது, இலை. நோயில் இலை போன கொடியில் சர்க்கரை எங்கிருந்து வரும்? அந்த வருடம் ஒரு கொடிக்கு ஒரு காய் மட்டும் விடுங்கள். இலை இருந்தும் ஊர் முழுக்க இனித்து உங்கள் கொல்லையில் மட்டும் சப்பென்றால் மண் பரிசோதனை செய்து சாம்பல்சத்தை (பொட்டாஷ்) பாருங்கள்.

பக்கத்தில் வெள்ளரி போட்டதால் இனிப்பு போய்விட்டது என்பதை நம்பாதீர்கள். வேறு மகரந்தம் சேர்ந்தாலும் மாறுவது உள்ளே இருக்கிற விதைதான், இந்த வருடத்துச் சதை அல்ல.

பழுத்ததா என்று ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்க்கத் தெரியாதவர்கள் இப்படிச் செய்யலாம். பிஞ்சு எலுமிச்சை அளவு நின்ற நாளில் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, தேதியைத் துணியில் எழுதிக் கட்டுங்கள். வரிசைக்கு நாலு குச்சி போதும். 28ஆம் நாள் ஒன்றை அறுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு 30, 32 என்று ஒவ்வொன்று. எந்த நாள் காய் இனித்ததோ, அந்தக் கொல்லைக்கும் அந்த ரகத்துக்கும் அந்த நாள் கணக்கை நோட்டில் குறித்து வையுங்கள். வியாபாரியிடம் லாரிக்குத் தேதி சொல்வது அதற்குப் பிறகு.